எழுபத்தைந்து வயதில் பேசிய ஆயர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்கள் எல்லோரும் பழமைவாதிகள் என்று யாராவது சொன்னால், எனக்கு டெட்ராய்ட் துணை ஆயர் தாமஸ் கம்பிள்டன்தான் நினைவுக்கு வருவார். 1968இல் ஆயரானவர், வியட்நாம் போரை வெளிப்படையாக எதிர்த்தார், 1979 கிறிஸ்துமஸுக்குத் தெஹ்ரானில் சிறைப்பட்டிருந்த அமெரிக்கப் பிணைக்கைதிகளை நேரில் போய்ப் பார்த்தார்.

சரி, இதையெல்லாம்விட என்னை உலுக்கியது வேறு. 2006இல், பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் வழக்குப் போடக் கூடுதல் அவகாசம் கேட்கும் ஓஹையோ மாநில மசோதாவை ஆதரித்தபோது, இளம் வயதில் தன்னிடமும் ஒரு பாதிரியார் தவறாக நடந்துகொண்டதை, அத்தனை வருடம் மனதில் பூட்டி வைத்திருந்ததை, எல்லோர் முன்பும் சொன்னார். 75 வயதில்! மறுவருடமே புனித லியோ ஆலயப் பங்குத்தந்தை பொறுப்பும் போயிற்று.

2024 ஏப்ரலில், 94 வயதில் காலமானார். அவரைப் பற்றி விரிவாக ஒரு கட்டுரை போடுங்கள்.