மாளிகைமேட்டைச் சுற்றி ஏழு கற்பலகைகள்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வருகிறவர்கள் கோயிலைச் சுற்றிப் பார்த்து, சிங்கக் கிணற்றுப் பக்கம் நின்று படம் எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரத்தில் வண்டி ஏறிவிடுகிறார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. கோயிலைத் தாண்டி இங்கே ஒரு தலைநகரம் இருந்தது என்று சொல்ல ஊரில் ஒரு பலகைகூடக் கிடையாது.

கங்கைக்கரை வரை படை அனுப்பி வென்ற முதலாம் ராஜேந்திரன், 1025-ஐ ஒட்டித் தஞ்சையை விட்டு இங்கே தலைநகரை மாற்றினான். 1279 வாக்கில் சோழர் ஆட்சி முடியும் வரை, சுமார் 250 ஆண்டுகள், இதுதான் தலைநகரம். அரண்மனை இருந்த இடம் மாளிகைமேடு. 1980-களில் தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே தோண்டியபோது செங்கல் சுவர்களும் கூரை ஓடுகளும் சீனப் பீங்கான் துண்டுகளும் கிடைத்தன. 2021-இல் மறுபடி அகழாய்வு தொடங்கியது. மற்றபடி நகரத்தின் மிச்சம் ஊர்ப் பெயர்களில்தான் இருக்கிறது: உட்கோட்டை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர். பஸ்ஸில் போகும்போது நடத்துனர் சத்தம் போட்டுச் சொல்லும் இந்தப் பெயர்களைக் கொஞ்சம் நிறுத்திக் கேட்டாலே போதும், கோட்டையும் படைக்கலமும் காவலும் கண்முன் வரும்.

அப்புறம் பொன்னேரி. ராஜேந்திரன் வெட்டிய சோழகங்கம் இதுதான். திருவாலங்காட்டுச் செப்பேடு இதை நீரால் ஆன வெற்றித் தூண் என்கிறது. வெற்றிக்குக் கல்தூண் நட்ட அரசர்கள் நிறைய பேர். ஏரி வெட்டியவனை எங்களுக்குக் கூடுதலாகப் பிடிக்கும்.

கல் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1836-இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது இந்தக் கோயில் மதிலின் கருங்கற்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். தடுக்கப் போன ஊர்க்காரர்களுக்குத் தண்டனைதான் கிடைத்தது. பதிலுக்குச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்ன வாக்கும் காப்பாற்றப்படவில்லை என்று 1855-இலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

சரி, எங்கள் திட்டத்துக்கு வருகிறோம். இரண்டு வருடம் முன்பு ஃப்ளெக்ஸ் பலகைகள் வைத்துப் பார்த்தோம். ஒரே கோடையில் எழுத்து வெளுத்துவிட்டது. ஒன்று ஆட்டுக்கொட்டகைக்குக் கூரையாகப் போய்விட்டது. அதனால் இந்த முறை கருங்கல்லில் வெட்டி வைக்கிறோம். மாளிகைமேடு, உட்கோட்டை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர் ஊர்களில் ஒவ்வொன்று, பொன்னேரிக் கரையில் இரண்டு, கோயிலுக்கு வரும் சாலையோரம் வழி வரைபடத்துடன் ஒன்று. பாதுகாக்கப்பட்ட இடங்களுக்கு வெளியே, ஊராட்சியின் அனுமதியோடுதான் நடுவோம். தோண்டுவதும் தேடுவதும் தொல்லியல் துறையின் வேலை, எங்கள் வேலை இல்லை.

கல், எழுத்து வெட்டும் கூலி, அடித்தளம் எல்லாம் சேர்த்து ஒரு பலகைக்கு ரூ.22,000, ஏழுக்கும் ரூ.1,54,000. சுற்றுவட்டாரப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்க 2,000 சிறு கையேடுகள் அச்சிட ரூ.50,000. ஊருக்குள் வசூலித்தது ரூ.63,500. இன்னும் ரூ.1,40,500 வேண்டும்.

நூறு ரூபாய் கொடுத்தாலும் ரசீது உண்டு. வெளியூரில் இருப்பவர்கள் கமிட்டியின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு அனுப்பலாம். தனி ஆள் கணக்குக்கு அனுப்பச் சொல்லி யார் கேட்டாலும் தயவுசெய்து அனுப்பாதீர்கள். வருமான வரி விலக்குச் சான்று எங்களிடம் இல்லை, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறோம். கற்பலகையில் கொடையாளர் பெயர் வெட்ட மாட்டோம். இதில் கமிட்டிக்குள்ளேயே பெரிய சண்டை நடந்தது. கடைசியில் பெயர்கள் எல்லாம் கையேட்டின் பின்னட்டையில் என்று முடிவானது. வரவு செலவு முழுவதையும் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுவோம்.

ராஜேந்திரன் பிறந்த நட்சத்திரமான ஆடித் திருவாதிரைக்குள் ஏழு கல்லையும் நட்டுவிட நினைக்கிறோம். கல்தச்சருக்கு முன்பணம் சித்திரைக்குள் கொடுத்தாக வேண்டும். பங்குனி முடிவதற்குள் உங்கள் பங்கு வந்து சேர்ந்தால் பெரிய உதவி.

இப்படிக்கு,
கற்பலகைக் கமிட்டியினர்,
கங்கைகொண்ட சோழபுரம், அரியலூர் மாவட்டம்