சாங்கியிலிருந்து வெஸ்ட் கோஸ்ட் வரை: உடன் நடந்தவர்களுக்கும் நடக்க வைத்தவர்களுக்கும்

அன்புடையீர், வணக்கம்.

சிங்கப்பூரின் கிழக்கு முனையிலுள்ள சாங்கி வில்லேஜில் விடியுமுன் புறப்பட்டு, கரையோரமாகவே வெஸ்ட் கோஸ்ட் பூங்கா வரை ஒரே நாளில் நடந்து சேர்ந்த எங்கள் குழுவினர் சார்பில் இம்மடலை எழுதுகிறேன். நாற்பது கிலோமீட்டருக்கும் மேலான அந்தத் தொலைவைக் கால்பலத்தால் மட்டும் கடந்தோம் என்று சொன்னால், உடன் வந்தவர்களே சிரிப்பார்கள்.

முதல் நன்றி, எங்களுக்காக வழக்கத்துக்கு முன்பே அடுப்பைப் பற்றவைத்துப் பரோட்டாவும் தே தாரிக் எனும் ஆற்றிய பால்தேநீரும் கொடுத்த சாங்கி வில்லேஜ் உணவங்காடிக் கடைக்காரருக்கும் அவர் மனைவிக்கும் உரியது. கட்டிக்கொடுத்த பொட்டலங்களுக்குக் காசு வாங்க மறுத்ததை எழுதக் கூடாது என்று கேட்டுக்கொண்டார்கள், மன்னிக்க வேண்டும்.

சாங்கிக் கடற்கரைப் பூங்காவின் மரநிழலில் நடக்க எவர் உதவியும் தேவைப்படவில்லை. அதைத் தாண்டி, ஒருபுறம் விமான நிலைய வேலியும் மறுபுறம் வெயிலுமாக நீளும் தானா மேரா கோஸ்ட் சாலையில்தான் தண்ணீர்ப் புட்டிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. அங்கே சாலையோரத்தில் தேநீர் இடைவேளையில் அமர்ந்திருந்த கட்டுமான ஊழியர்கள், "என்னண்ணே, பஸ் கெடைக்கலையா?" என்று கேட்டபடியே தங்கள் ஐஸ் பெட்டியைத் திறந்து, எங்கள் புட்டிகளை விளிம்புவரை நிரப்பினார்கள். பட்டுக்கோட்டையும் சிவகங்கையும் அவர்களுக்குச் சொந்த ஊர். பொழுதுபோக்குக்காக வெயிலில் நடக்கிறோம் என்பதை அவர்களிடம் சொல்லச் சற்றுக் கூச்சமாகத்தான் இருந்தது. அவர்களோ, "சாயங்காலம் போய்ச் சேந்ததும் ஒரு மெசேஜ் போடுங்க" என்று கைபேசி எண்ணையும் கொடுத்தார்கள்.

கிழக்குக் கடற்கரைப் பூங்காவில், பிடோக் படகுத்துறையருகே எங்கள் குழுவின் தாதியர் அக்கா கொப்புளங்களைக் கவனித்தார். பெரிய கொப்புளத்தின் ஓரத்தில் மட்டும் கிருமிநீக்கிய ஊசியால் சிறு துளையிட்டு, நீரை வடித்து, மேல்தோலை உரிக்காமல் அப்படியே விட்டு ஒட்டுத்துணி ஒட்டிய அவரது நிதானம் இல்லையென்றால், பாதிப்பேர் அங்கிருந்தே பேருந்து ஏறியிருப்போம்.

இப்பூங்கா முழுவதும் 1966இல் தொடங்கிய நிலமீட்புப் பணியால் உருவானது; நாங்கள் காலாற நடந்த மணல், முன்பு கடலாக இருந்த இடம். 2024 ஜூன் 14 அன்று பாசிர் பாஞ்சாங் முனையத்தில் நின்றிருந்த எரிபொருள் கப்பல்மீது தூர்வாரும் கப்பலொன்று மோதிச் சுமார் 400 டன் எண்ணெய் கசிந்தபோது, அந்த எண்ணெய்க் கறை இந்த மணலையும் வந்தடைந்தது. அன்று அதை அள்ளியெடுத்த துப்புரவு ஊழியர்களையும் தொண்டூழியர்களையும் எங்களுக்குத் தெரியாது. இன்று வெறுங்காலோடு அதில் நடக்க முடிந்ததற்கு அவர்களுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம்.

மரினா அணைக்கட்டுக்குப் பிறகு கடல் கொள்கலன் அடுக்குகளுக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. தலைக்கு மேலே விரைவுச்சாலை, பக்கத்தில் வேலி, காதில் லாரிச் சத்தம். பலரும் தவிர்க்கச் சொன்ன அந்தக் கெப்பல் சாலைப் பகுதிதான், என்னைக் கேட்டால், அன்றைய நடையின் உயிர். அதற்குக் காரணம், தஞ்சோங் பகாரில் எங்களுடன் சேர்ந்துகொண்ட, துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கி ஓய்வுபெற்ற ஐயா. அவர் தந்தையார் அதே துறைமுகத்தில் முதுகில் மூட்டை சுமந்தவர். 1972 ஜூன் 23 அன்று நிஹோன் என்ற முதல் கொள்கலன் கப்பல் வந்தபோது, இனி மூட்டைக்கு ஆள் வேண்டியிருக்காது என்று தந்தையார் வீட்டில் சொன்னாராம். நகரையொட்டிய இம்முனையங்கள் 2027க்குள் தீவின் மேற்கிலுள்ள துவாசுக்கு இடம்பெயரவிருக்கும் நிலையில், வேலிக்கு அப்பால் தெரிந்த ஒவ்வொரு பாரந்தூக்கியையும் கைநீட்டிக் காட்டி, அதன் வேலையை அவர் விளக்கிய முக்கால் மணி நேரத்துக்கு எங்கள் சிறப்பு நன்றி. ஐயா, அடுத்த முறை லாப்ரடோர் பூங்கா வரையாவது உடன் வரவேண்டும்.

பாசிர் பாஞ்சாங் முழுவதும் பைகளை வேனில் ஏற்றிக்கொண்டு மெல்லப் பின்தொடர்ந்த தம்பிக்கும், கடைசி இரண்டு கிலோமீட்டரில் மழை பிடித்தபோது பேருந்து நிறுத்தத்தில் நின்றபடியே தங்கள் குடைகளைக் கொடுத்துவிட்டுப் பேருந்து ஏறிய மலாய்த் தம்பதிக்கும், வெஸ்ட் கோஸ்ட் பூங்காவில் சூடான கஞ்சியோடு காத்திருந்த குடும்பத்தாருக்கும் நன்றி. தானா மேரா நண்பர்களுக்கு அன்றிரவே செய்தி அனுப்பிவிட்டோம்.

அந்த இரண்டு குடைகளும், ஒன்று நீலம், ஒன்று பூப்போட்டது, காயவைத்து என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. அத்தம்பதியை அறிந்தவர்கள் தயவுசெய்து தெரிவிக்கவும். நேரில் கொண்டுவந்து கொடுக்கிறோம்.

நன்றியுடன்,
நடைக் குழுவினர் சார்பில்,
ஒருங்கிணைப்பாளர்