நம் நாய்களைப் பார்த்து ஒதுங்குபவர்கள் பற்றி

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

ராட்வைலர், டாபர்மேன், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற பெரிய நாய்களை வளர்ப்பவர்கள், நம் நாய்களைப் பார்த்தாலே ஆட்கள் பயந்து ஒதுங்குகிறார்கள் என்று இந்த வாரமும் மனம் நொந்து எழுதியிருந்தீர்கள். எனக்கும் அதே கதைதான். நேற்று லிப்டில் ஓர் அம்மா குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார். என் ராட்வைலரோ என் செருப்பின் மேல் தலை வைத்துப் படுத்திருந்தது. மனசு வலித்தது.

ஆனாலும் பயந்தவரிடம் வாக்குவாதம் வேண்டாம். அவருடைய பயம் உண்மையானது. கயிற்றைச் சுருக்கிப் பிடித்து, நாயை மறுபக்கம் மாற்றி, வழி விடுங்கள். "ஒன்றும் செய்யாது" என்று சொல்லிக்கொண்டே நாயைக் கிட்டே போகவிடுவதுதான் நம் எல்லோர் பெயரையும் கெடுக்கிறது. தயவுசெய்து அதை நிறுத்துங்கள்.

நின்று கேட்பவர்களிடம் இதைச் சொல்லலாம்: 2022இல் சயின்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு 18,000க்கும் மேற்பட்ட நாய்களை எடுத்துக்கொண்டது. நாய்க்கு நாய் குணம் மாறுவதில் இனத்தின் பங்கு சுமார் 9 சதவீதம்தான் என்று அதில் தெரிந்தது. உருவத்தை வைத்து ஒரு நாயை எடைபோடுவது சரியில்லை என்பதற்கு இதுவே போதும்.

அப்புறம், தடுப்பூசி அட்டையின் படத்தை போனில் வைத்திருங்கள். கேட்டால் உடனே காட்டலாம். திட்டியவர்களின் வீடியோவை மட்டும் இங்கே போட வேண்டாம்.