மில்லு நெலத்துல ஃபிளாட் வாங்கறதுக்கு முன்னாடி

அன்புள்ள பிரபுவுக்கு,

அம்மா எழுதறேன். துபாய்லேருந்து நீ அனுப்பின ஃபிளாட் படமெல்லாம் பாத்தேன். நீச்சல் குளம், ஜிம்மு, பதினெட்டாவது மாடி பால்கனி. "பெரம்பூர்மா, நல்ல ஏரியா, என்ன சொல்ற?"ன்னு கேட்டிருக்க. போன்ல ஆரம்பிச்சா "சரிம்மா, மீட்டிங் இருக்கு"ன்னு வச்சிடுவ. அதான் காகிதத்துல எழுதி உன் தங்கச்சிய போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கேன். லீவு நாள்ல படி.

அவங்க பெரம்பூர்னு போட்டிருக்கறது பி அண்ட் சி மில்லு இருந்த நெலம். எங்க வாயில பின்னி மில்லு. பக்கிங்காம் ஒண்ணு, கர்நாடிக் ஒண்ணு, ரெண்டும் வெள்ளக்காரன் காலத்து மில்லு, 1920ல ஒண்ணாச்சு. உங்க தாத்தா அதுல தறி ஓட்டினவரு. நீ பாக்கும்போது அவரு ஈஸி சேர்ல பேப்பர் படிக்கற கிழவன். நான் பாத்த ஆளு வேற.

எழுபதுகள்ல பட்டாளம்ங்கற ஏரியாவுல ஒண்டுக்குடித்தனம் எங்களுது. பத்துப் பன்னெண்டு குடும்பம், நடுவுல ஒரு அடிபம்பு. கடிகாரம் யாரு வீட்டுலயும் இல்ல, மில்லு சங்குதான். விடியறதுக்கு முன்னாடி ஒரு சங்கு ஊதும், ஆயா கிருஷ்ணாயில் ஸ்டவ்வ பம்ப் அடிக்க ஆரம்பிக்கும். அடுத்த சங்குக்குள்ள தாத்தா தூக்கு சட்டியோட தெரு முனைய தாண்டியிருக்கணும். எங்களுக்கும் அதுதான். "ரெண்டாவது சங்கு ஊதிடுச்சு, இன்னும் தல பின்னல?"ன்னு ஆயா கத்தும்.

தாத்தா வீட்டுல பேசினா நாலு வீட்டுக்குக் கேக்கும். கோபம் இல்ல, தறிக்கு நடுவுல நின்னு வந்த தொண்ட. உள்ள கத்தினாலும் கேக்காதாம், அதனால வீவிங் ஆளுங்க ஒருத்தர் வாயசைப்ப ஒருத்தர் பாத்தே பேசிப்பாங்க. கல்யாண வீட்டுல இவரு இந்தப் பந்தியில உக்காந்துகிட்டு, எதிர்ப் பந்தியில இருக்கற கூட்டாளிகிட்ட சத்தமே இல்லாம "பாயசம் தேறாது"ன்னு சொல்லுவாரு. அவரும் வாயசைச்சே "ரசம் பரவால்ல"ன்னு பதில் சொல்லுவாரு. நானும் தம்பியும் அதக் கத்துக்கிட்டோம். ஸ்கூல் பிரேயர்ல ரொம்ப உபயோகமா இருந்துச்சு.

துணின்னா காக்கிதான். மில்லு காக்கிக்கு அப்ப அவ்ளோ பேரு. கட் பீஸ் வீட்டுக்கு வந்தா உங்க மாமாவுக்கு டவுசர், மிச்சத்துல எனக்கு ஸ்கூல் பை, அதுலயும் மிச்சம் இருந்தா கரித்துணி. தெருவுல பாதிப் பசங்க ஒரே டவுசர்ல நிப்பானுங்க. பின்னாடிலேருந்து பாத்து மாத்தி அடிச்ச ஆயாங்க உண்டு.

காத்தாடி சீசன் வந்தா எனக்கும் வேல இருக்கும். ஃப்யூஸ் போன டியூப் லைட்ட சாக்குல சுத்தி, அம்மிக் கொழவியால நசுக்கி, பழைய வேட்டியில சலிச்சுக் கொடுக்கறது நான். மாமா ஜவ்வரிசிக் கஞ்சியும் வஜ்ரப் பசையும் காய்ச்சி, கலர் போட்டு, ரெண்டு லைட் கம்பத்துக்கு நடுவுல நூல இழுத்துக் கட்டி மாஞ்சா போடுவான். விரல்ல துணி சுத்தியும் அறுக்கும். வஜ்ர நாத்தம் ரெண்டு நாளைக்கு சோத்துல வரும். அவ்வளவும் செஞ்சுட்டு, அடுத்தவன் காத்தாடிய அறுக்க டீல் போடறப்ப மட்டும் "பொம்பளப் பசங்க தள்ளி நில்லு"ம்பானுங்க. இன்னிக்கு மாஞ்சாவுக்குத் தட. வண்டியில போறவங்க கழுத்த அறுத்ததுக்கப்புறம் அது சரிதான், நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

ஞாயித்துக்கிழம புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டிப் பக்கம் போயி போட்டி, அதான் ஆட்டுக் குடல், வாங்கியாறது என் பொறுப்பு. அதச் சுடுதண்ணியில போட்டுச் சொரண்டிக் கழுவற வேலையும் எனக்கே. நீ ஓட்டல்ல காசு கொடுத்து அத சாப்பிடறேன்னு சொன்னப்ப சிரிப்பு வந்துச்சு.

இன்னொண்ணு உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. இந்தியாவுல தொழிலாளி சங்கம்னு ஒழுங்கா மொதல்ல ஆரம்பிச்சது இந்த மில்லாளுங்கள வச்சுத்தான். 1918 ஏப்ரல் 27, சென்னைத் தொழிலாளர் சங்கம். வாடியா தலைவரு, திரு.வி.க. கூட நின்னாரு. தாத்தா மே தினத்துக்கு அந்தப் பேருங்கள சாமி பேரு மாதிரி சொல்லுவாரு. ஆனா 1921 ஸ்டிரைக்குல சேரிச் சனம் ஒரு பக்கம், மத்தவங்க ஒரு பக்கம்னு பிரிஞ்சு புளியந்தோப்புல குடிசை எரிஞ்சதும் அதே கதையோட இன்னொரு பாதி. மேடையில அந்தப் பாதி வராது. எங்க ஆயா வழியிலதான் எனக்கு அது தெரியும். ரெண்டையும் சேத்து வச்சுக்கோ.

1996ல மில்லு மூடிட்டாங்க. அப்புறம் ரொம்ப நாள் உள்ள சினிமா ஷூட்டிங்தான். ஹீரோ பறந்து பறந்து அடிக்கற பழைய கட்டடம்லாம் பாதி அதுதான். வில்லன் குடோன்னு காட்டறப்ப தாத்தா டிவிகிட்ட போயி உத்துப் பாப்பாரு, "இது நம்ம ஷெட்டு, தூண் அதேதான்"ம்பாரு. கதை என்னன்னு கடைசி வரைக்கும் தெரியாது அவருக்கு.

சினிமாவுல வடசென்னைன்னா கத்தி, கஞ்சா. வேலைக்கு அட்ரஸ் எழுதறப்ப உங்க அப்பாவே பெரம்பூர்னுதான் எழுதுவாரு. எங்க தெருவுல ராத்திரி பூரா லைட்டு எரிஞ்ச எடம் கேரம் கிளப்பு. 2024ல அமெரிக்காவுல நடந்த கேரம் உலகக் கோப்பையில தங்கம் வாங்கின காசிமா, புது வண்ணாரப்பேட்ட ஆட்டோ டிரைவர் பொண்ணு. அந்த மாதிரி போர்டு இல்லாத சந்து இந்தப் பக்கம் கிடையாது.

சரி, ஃபிளாட்டுக்கு வரேன். வாங்கு. தாத்தா வேல செஞ்ச நெலத்துல பேரன் வீடு வாங்கறதுல எனக்கு வருத்தமில்ல, கொஞ்சம் கொழுப்புகூட வருது. ஆனா அந்தப் படத்துல மழைக்காலம் இல்ல. பக்கத்துல ஓட்டேரி நல்லாங்கற கால்வாய் ஓடுது, பட்டாளமும் புளியந்தோப்பும் ஒரு ராத்திரி மழைக்கே முழங்காலளவு நிக்கும். சின்ன வயசுல கட்டில் மேல அடுப்ப வச்சு சமைச்சிருக்கோம். பதினெட்டாவது மாடிக்கு தண்ணி ஏறாது, கார் நிறுத்தற பேஸ்மெண்டுக்கு இறங்கும். லிஃப்டு மோட்டார், ஜெனரேட்டர் எங்க வச்சிருக்காங்க, தண்ணிய எங்க வெளிய விடறாங்கன்னு கேளு. வாயால சொன்னா போதாது, பிளான்ல காட்டச் சொல்லு.

ஐப்பசி, கார்த்திகை மழை வரட்டும். பெருசா பேஞ்ச மறுநாள் உங்க மாமாவ அனுப்பி ரோட்டையும் பேஸ்மெண்டையும் பாத்துட்டு வரச் சொல்றேன். அதுவரைக்கும் அட்வான்ஸ் கட்டாத. "இந்த மாசத்தோட ஆஃபர் முடியுது"ம்பானுங்க, முடியட்டும்.

அன்புடன்,
அம்மா