ஞாயிறு வேதபாடம்: திராட்சைத் தோட்டத்துக் கூலியாட்கள்

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். இந்த ஞாயிறும் ஆராதனை முடிந்ததும் வழமைபோல வேதபாடம் உண்டு. உவமை மத்தேயு 20:1-16: தோட்டக்காரர் காலையிலிருந்து பின்னேரம் வரை வெவ்வேறு நேரத்தில் ஆட்களை வேலைக்கு எடுத்து, கடைசியில் எல்லோருக்கும் ஒரே கூலி கொடுக்கும் கதை.

வரும் முன் 19ஆம் அதிகாரம் 27ஆம் வசனத்திலிருந்தே வாசித்துவிடுங்கள். எல்லாவற்றையும் விட்டு வந்த எங்களுக்கு என்ன கிடைக்கும் என்று பேதுரு கேட்கிறார். அதற்குப் பதில் சொல்லும்போதுதான் இயேசு இந்தக் கதைக்கு வருகிறார். அதிகாரப் பிரிப்பு 13ஆம் நூற்றாண்டில் வந்தது. அது குறுக்கே நிற்பதால் கேள்வியை விட்டுவிட்டுக் கதையை மட்டும் பிடித்துக்கொள்கிறோம்.

அப்புறம், கடைசி ஆட்களை வேலைக்கு எடுத்த ‘பதினோராம் மணி’ என்பது காலை பதினொன்று இல்லை. சூரிய உதயத்திலிருந்து எண்ணினால் பின்னேரம் 5 மணி. ஒரு மணித்தியால வேலைக்கு முழுநாள் கூலி! போன கிழமை ஒரு தம்பி இங்கே ‘இது அநியாயம்தானே’ என்று எழுதியிருந்தார். நல்ல கேள்வி தம்பி, ஞாயிறும் அப்படியே கேளுங்கள். காலையிலிருந்து வெயிலில் நின்றவர்களும் அதையேதான் முறையிட்டார்கள்.

ஆனால் 7ஆம் வசனத்தைப் பாருங்கள். கடைசியாக வந்தவர்களை அதுவரை யாருமே வேலைக்குக் கூப்பிடவில்லை. கொழும்பு புறக்கோட்டையில் மத்தியானம் தாண்டியும் சுமை கிடைக்காமல் வெறும் வண்டிலோடு நிற்கும் நாட்டாமிமாரை, அதாவது சுமை கூலியாட்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த வசனம்தான் நினைவுக்கு வரும். எல்லோருக்கும் கிடைத்த ஒரு தெனாரியம் என்ற ரோம வெள்ளிக்காசு அன்றைய ஒருநாள் கூலி. அதில் பாதியோடு வீட்டுக்குப் போனால் பிள்ளைகளுக்கு அரை வயிறுதான்.

பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். கதையை அவர்களே முதலில் சொல்லட்டும். பெரியவர்கள் ‘பாடம் இதுதான்’ என்று முந்திக்கொள்ள வேண்டாம். வேதாகமம் கையில் இல்லாதவர்கள் சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள், எடுத்து வைக்கிறேன்.