ஊரணி மேப்புல இருக்கு, வரத்துக்காலைக் காணோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எந்த இடத்துல வீடு, எந்த இடத்துல விவசாயம்னு மாஸ்டர் பிளான் போடுறப்ப மக்கள்கிட்ட கருத்து கேக்குறோம்னு சொல்றாங்கள்ல, அது எந்த லட்சணத்துல நடக்குதுன்னு நான் பட்டதை எழுதுறேன். காரைக்குடி பக்கம் சின்னதா ஹார்டுவேர்ஸ் கடை வச்சிருக்கேன். சிமெண்ட் வாங்க வந்த கொத்தனார் ஒருத்தர் சொல்லித்தான் எங்க பக்கத்துக்கு வரைவு மேப் தயாராகி ஆட்சேபணை கேக்குறாங்கங்கிறதே எனக்குத் தெரியும்.

1971 நகர் ஊரமைப்புச் சட்டத்துல இதுக்கு வழி இருக்குங்க. வரைவை கெஜட்டுல அறிவிக்கணும், குறைஞ்சது ரெண்டு மாசம் டைம் குடுக்கணும், யாரு வேணும்னாலும் எழுதிக் குடுக்கலாம், அதையெல்லாம் பார்த்துட்டுத்தான் அரசாங்க ஒப்புதலுக்குப் போகணும். சரிதான், ஆனா எங்க ஊர் டீக்கடையில கெஜட் போடுறாங்களா என்ன?

கடையை மச்சினன்கிட்ட விட்டுட்டு ஆபீஸுக்குப் போனேன். பீரோவுக்குப் பின்னாடி சுருட்டி வச்சிருந்ததை எடுத்து விரிச்சாங்க, முழுக்க இங்கிலீஷ், சர்வே நம்பர் எல்லாம் எறும்பு சைஸ்ல. மஞ்சள்னா வீடு, பச்சைன்னா விவசாயம்னு அங்க இருந்த தம்பி பொறுமையா சொல்லிக் குடுத்தாரு, அவரைக் குறை சொல்ல மாட்டேன். போன்ல போட்டோ எடுத்துட்டு வந்து வீட்டுல பெருசாக்கிப் பார்த்தா எங்க ஊரணி அழகா நீலமா இருக்கு, அதுக்குத் தண்ணி வர்ற வரத்துக்கால் மேல முழுக்க மஞ்சள்.

செட்டிநாட்டுல ஆத்துப்பாசனமா இருக்கு? வானம் பார்த்த பூமி. மழை பெஞ்சு மேட்டுலேர்ந்து இறங்குற தண்ணியை கால் வெட்டிக் கண்மாய்க்கும் ஊரணிக்கும் கொண்டுவந்துதான் எங்க அப்பத்தா காலத்துல குடிக்கவே செஞ்சாங்க. 2014ல யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரியச் சின்னத்துக்கான உத்தேசப் பட்டியல்ல எங்க ஊர்களைச் சேர்த்தப்பகூட வீட்டோட சேர்த்து இந்தத் தண்ணி ஏற்பாட்டையும் பெருமையா சொல்லித்தான் சேர்த்தாங்க. இப்ப கால் மேல பிளாட் போட்டு கல்லு ஊனிட்டா ஊரணி இருந்து என்ன, வெறும் பள்ளம்தானே, கார்த்திகையில அடிக்கிற மழை புது வீட்டுக்காரங்க ஹாலுக்குள்ளதான் நிக்கும்.

ஆட்சேபணை எழுதிக் குடுத்தேன். வாங்கிக்கிட்டதுக்கு ஒரு சீல் வைக்க மூணு தடவை நடக்க விட்டாங்க, அதுக்கப்புறம் எடுத்துக்கிட்டாங்களா தள்ளிட்டாங்களான்னு இன்னைக்கு வரைக்கும் ஒரு வரி பதில் இல்ல.

வருஷத்துக்கு ஆறு தடவை கிராம சபை கூடுது, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அதுல ஒரு நாள் இந்த மேப்பைத் தமிழ்ல, சர்வே நம்பர் படிக்கிற மாதிரி பெருசா, மாரியம்மன் கோயில் சுவத்துல மாட்டுங்களேன், டவுன்ல இருக்கவங்களுக்கு வார்டு வாரியா மாட்டுங்க. நூறு நாள் வேலைக்குப் போற அக்காமாருங்க ஒரு நிமிஷத்துல சொல்லிருவாங்க எது ஓடை எது பாதைன்னு, அவங்கதானே வருஷா வருஷம் தூர் வாருறாங்க. மேப்பை முடிச்சு கலர் அடிச்சுட்டு வந்து கருத்து கேக்குறதை விட, கோடு போடுறதுக்கு முன்னாடியே வந்து கேட்டா ஆட்சேபணையே பாதியாக் குறையும்.

எங்க தெருவுல எண்பது தாண்டுன ஐயா ஒருத்தர் இருக்காரு, அந்தக் கால் எந்தப் பனைமரத்துக்கிட்ட வளையுது, எந்தப் பாலத்துக்கு அடியில போகுதுன்னு நடந்தே காட்டுவாரு. சர்வேயரை ஒரு நாள் காலையில அனுப்பி வைங்க, வெயில் ஏறுறதுக்குள்ள முடிச்சுரலாம். டீ வடை நம்ம செலவு.

இப்படிக்கு,
காரைக்குடி வட்டாரத்து வாசகர் ஒருவர்