எங்கள் முதியவர்களுக்கும் ஒரு புதன்கிழமை வேண்டும்

தடுப்பூசித் திட்டங்களுக்குப் பொறுப்பான சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுகிற நாளான போன புதன்கிழமை, என் அம்மா எங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில், கைக்குழந்தைகளோடு வந்திருந்த தாய்மார்களின் வரிசையில் நின்றார். அம்மாவுக்கு 71 வயது. முக்கால் மணி நேரம் கழித்து முறை வந்ததும், நிமோனியா ஊசி போட்டுக்கொள்ள வந்ததாகச் சொல்லியிருக்கிறார். "இது குழந்தைங்களுக்கு மட்டும்தான் பாட்டி. உங்களுக்கு வெளியிலதான் போட்டுக்கணும்" என்றாராம் செவிலியர். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. கையில் இல்லாததை அவர் எப்படிக் கொடுப்பார்? கொடுக்கும்படி செய்யக்கூடியவர்கள் நீங்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

அம்மா அந்த வரிசையில் போய் நின்றதற்குக் காரணம் அப்பா.

போன ஐப்பசியில், கடலூர் முதுநகரில் மழை விடாமல் பெய்த ஒரு வாரம், அப்பா சாப்பாட்டை ஒதுக்க ஆரம்பித்தார். 76 வயது, இருபது வருஷமாகச் சர்க்கரை. பெரிதாக இருமல் இல்லை, தொட்டால் சூடும் இல்லை. இரண்டாம் நாள் என்னை அத்தை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பக்கத்தில் ஒரு மருத்துவரிடம் அழைத்துப்போனோம். காய்ச்சல் இல்லை, வயசுதான் என்று தெம்புக்கு மாத்திரை தந்து அனுப்பினார்கள். மூன்றாம் நாள் விடியற்காலை கொல்லைப்புறம் போகிற வழியில் விழுந்தார். தூக்கும்போதுதான் மூச்சு எப்படி இழுக்கிறது என்று கவனித்தேன். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார்கள். வலது நுரையீரலில் பாதி வெள்ளையாக இருந்தது. நிமோனியா.

வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் நிமோனியா வரும், பசியின்மையும் மனக்குழப்பமும் கீழே விழுவதும் மட்டுமே அடையாளமாக இருக்கலாம் என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். காய்ச்சல் என்பது உடம்பு கிருமியோடு சண்டை போடுவதன் அறிகுறி. முதுமையில் அந்தச் சண்டையே தளர்ந்துவிடுகிறது. நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி உண்டு. நோயை எதிர்க்கும் டி செல்களைத் தயார்செய்து அனுப்புகிற இடம். வயது ஏற ஏற அது சுருங்கிக் கொழுப்பாகிவிடும். அதோடு சர்க்கரையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

பதினோரு நாள் கழித்து அப்பா வீடு வந்தார். உயிர் பிழைத்தார். ஆனால் தினமும் காலையில் துறைமுகம்வரை நடந்துபோய் மீன் வாங்கிவந்த மனிதர், இன்று கட்டிலை விட்டு எழ என் தோளைப் பிடிக்கிறார். படுக்கையில் கரைந்த தொடைச்சதை இன்னும் திரும்பவில்லை. ஒரு நாள் சங்கரா மீன் குழம்பு வைத்தேன். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "யார் போய் வாங்கினா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் கேட்டார்: "இவருக்கு நிமோனியா ஊசி, ஃப்ளூ ஊசி எல்லாம் போட்டிருக்கீங்களா?" பெரியவர்களுக்கு அப்படி ஊசி உண்டு என்பதே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. இத்தனை வருஷம் மாதாமாதம் சர்க்கரை மாத்திரை வாங்கப் போன இடத்திலும் யாரும் சொன்னதில்லை.

வெளியில் விசாரித்தேன். நிமோனியா ஊசி ஒன்றுக்கு மூவாயிரத்துக்கு மேல் கேட்டார்கள். ஃப்ளூ ஊசிக்குத் தனிக் கணக்கு. வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் அதை ஆண்டுதோறும் போட வேண்டுமாம். எங்கள் தெருவில் முதியோர் உதவித்தொகை வாங்குகிறவர்களுக்கு மாதம் 1200 ரூபாய் வருகிறது. அதில் யார் இந்த ஊசி போடுவார்கள்?

நான் கேட்பது இதுதான். 60 வயது கடந்தவர்களுக்கு, முதல் கட்டமாகச் சர்க்கரை, இதயம், நுரையீரல், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்காவது, ஃப்ளூ ஊசியும் நிமோனியா ஊசியும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகக் கிடைக்க வேண்டும். மழைக்காலத்துக்கு முன்னால் கிடைக்க வேண்டும்.

இது உங்களால் முடியாத காரியம் இல்லை. நிமோனியாவை உண்டாக்குகிற நியூமோகாக்கஸ் கிருமிக்கு எதிரான ஊசி 2021 முதல் நாடு முழுவதும் குழந்தைகளுக்கு இலவசமாகப் போடப்படுகிறது. ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாம் மாதம் என்று ஒரு பிள்ளையும் விட்டுப்போகாமல் அழைத்துப் போடுகிறீர்கள். அதற்குக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். குழந்தைகளின் பங்கிலிருந்து கேட்கவில்லை. அந்த வரிசையில் அம்மா நின்ற இடத்துக்குப் பத்தடி தள்ளியிருந்த குளிர்பெட்டிக்குள், அப்பாவைப் படுக்கவைத்த இதே நோய்க்கான தடுப்பு மருந்து இருந்தது என்பதைத்தான் சொல்கிறேன். 2021 மார்ச் 1-ஆம் தேதி தொடங்கி 60 வயது கடந்தவர்களுக்குக் கொரோனா ஊசி போட்டதும் இதே ஊழியர்கள்தாம். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து மாத்திரை தருகிற பெண்களிடம், எந்த வீட்டில் யாருக்குச் சர்க்கரை, யாருக்குப் பிரஷர் என்கிற பட்டியல் இருக்கிறது. வர வேண்டியது ஊசி மட்டும்தான்.

ஒன்றை நினைத்தால் எனக்கு ஆறவே இல்லை. 70 வயது கடந்தவர்களுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக் காப்பீடு என்று 2024-இல் மத்திய அரசு அறிவித்தது. நல்லதுதான். ஆனால் படுத்த பிறகு லட்சங்கள் தர முன்வருகிற அரசு, படுக்காமல் இருக்க ஓர் ஊசி தர ஏன் யோசிக்க வேண்டும்? நீங்கள் தராத இடத்தில்தான் 'நோய் எதிர்ப்பு சக்தி' என்று எழுதிய பவுடர் டப்பாக்கள் விற்கின்றன. எங்கள் பக்கத்து வீட்டு அம்மா, முட்டை வாங்குவதை நிறுத்திவிட்டு அந்த டப்பா வாங்குகிறார். அக்டோபர் 1 முதியோர் தினத்தன்று சால்வை போர்த்தி மரியாதை செய்வார்கள். அந்தச் சால்வைக் காசு ஊசிக்கு வரட்டும். 2024-இல் ஃபெஞ்சல் புயலையொட்டித் தென்பெண்ணை வெள்ளம் ஊருக்குள் வந்ததை நீங்களே பார்த்தீர்கள். அப்படி ஒரு வெள்ளத்தில் ஈரத் துணியோடு ஒரே கூடத்தில் நெருக்கிப் படுக்கிற கிழவர்களில் ஒருவருக்கு ஃப்ளூ வந்தால் என்ன ஆகும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

குரல் உயர்ந்திருந்தால் மன்னியுங்கள். என் வேண்டுகோள் ஒன்றே ஒன்றுதான்: மழைக்கு முன்னால், எங்கள் முதியவர்களுக்கும் ஒரு புதன்கிழமை.

ஐப்பசி பிறக்க இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. ஃப்ளூ ஊசி போட்டால் உடம்பில் எதிர்ப்பு உருவாக இரண்டு வாரம் ஆகும். மீதி ஐந்து வாரம் உங்கள் கையில் இருக்கிறது. அதற்குள் ஒரு முடிவு எடுத்து, எங்கள் செவிலியருக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். அம்மா மறுபடியும் வந்து நிற்பார்.

இப்படிக்கு,
ஒரு மகள்,
கடலூர் முதுநகர்